பொம்மைப் படத்துக்கு நான் எழுதிய பதினாறு வரிகள்

இப்போதெல்லாம் தொலைக்காட்சியில் வரும் பொம்மைப் படங்களுக்குத் தொடக்கப் பாட்டு என்று ஒன்று இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ஒரு டமார், ஒரு விசில், படத்தின் பெயர், அவ்வளவுதான். தும்மினால் தவறிவிடும். பிள்ளைகள் அதற்காக வருத்தப்படுவதில்லை. நான்தான் நாற்காலியை விட்டு எழுந்து, "பாட்டு எங்கே? பாட்டை எவன் தின்றான்?" என்று கத்துகிறேன். "அப்பா, கதை ஆரம்பிச்சாச்சு, சும்மா இருங்க" என்கிறார்கள். சும்மா இருக்க என்னால் முடியாது. ஒரு தொடக்கப் பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக் கொல்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். அறுக்கப்பட்ட பாட்டு நான் எழுதியது. அந்தப் பாட்டை நம்பித்தான் என் கல்யாணமே இருந்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி. தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வர ஆரம்பித்திருந்த காலம். நான் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் குமாஸ்தா. சொந்த ஊர் தாமிரபரணிக் கரையில் ஒரு நெல் விளையும் கிராமம். சாப்பிடும்போது மீன் என்று யாராவது சொல்லிவிட்டால் இலையை மாற்றிப் போடுகிற குடும்பம் எங்களுடையது. ஆகவே கடலோடு எனக்கு இருந்த உறவெல்லாம் ஆபீஸ் ஜன்னல் வழியாக வரும் உப்புக் காற்றும், சரக்குக் காகிதங்களில் வரும் கப்பல் பெயர்களும்தான். இருந்தாலும் ஆபீஸில் எனக்குக் 'கவிஞர்' என்று பெயர். யார் ஓய்வு பெற்றாலும், யார் மாற்றலாகிப் போனாலும் ஒரு வாழ்த்துப்பா எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கையில் கொடுத்துவிடுவேன். சுங்க அதிகாரிகள் சிலர் என் சட்டத்துக்குப் பயந்து, மாற்றல் வந்ததையே வெளியில் சொல்லாமல் ஊரைவிட்டுப் போனார்கள் என்று ஒரு வதந்தி உண்டு. பொறாமைக்காரர்கள் கிளப்பியது.

மீன்பிடிக்கிறவர்கள் குடியிருக்கும் திரேஸ்புரம் போகிற வழியில் ஒரு சினிமாக் கொட்டகை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியாக அங்கே ஏதாவது ஒரு இங்கிலீஷ் படம் போடுவார்கள். அதற்கு முன்னால் ஒரு பொம்மைப் படம். கூட்டம் வருவது இங்கிலீஷ் படத்துக்கு இல்லை. மாதா கோயிலில் பூசை முடிந்ததும் அப்படியே வெளுத்த வேட்டியும் பவுடர் முகமுமாக, கைப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு திரேஸ்புரத்து ஆட்கள் குடும்பம் குடும்பமாக வருவது அந்தப் பொம்மைப் படத்துக்குத்தான். அது முடிந்ததும் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள்.

கதை எல்லா வாரமும் ஒன்றுதான். ஒரு பூனை, ஒரு படகு, ஒரு மீன். பூனை கடலுக்குப் போகும். மீன் அதைத் துடுப்பால் அடிக்கும், நங்கூரத்தில் கட்டித் தொங்கவிடும், கடைசியில் படகையே கவிழ்த்துவிடும். ஆனால் ஆரம்பத்தில் ஒரு பாட்டு வரும் பாருங்கள், அதற்கு ஈடு கிடையாது. பழைய சுருள்களில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் சேர்ந்து இங்கிலீஷில் முழங்குவார்கள். ஒரு வார்த்தை யாருக்கும் புரியாது. ஆனால் அந்தப் பாட்டு ஓடி முடிவதற்குள் பிந்தி வந்தவர்கள் இருட்டில் தடவி இடம் பிடித்து, முறுக்கு வாங்கி, பக்கத்தில் இருக்கிறவரோடு ஒரு சண்டையை ஆரம்பித்துச் சமாதானமும் ஆகிவிடலாம். பிறகு வந்த சுருள்களில் பாட்டு பாதியாயிற்று. அதற்கும் பிறகு வந்தவற்றில் பாட்டே இல்லை. ஒரே ஒரு ஊதல். ஊதி முடித்ததும் பூனை படகில் நின்றது. மக்கள் இன்னும் வாசலில் நின்றார்கள்.

"ஏலே, பாட்டக் களவாண்டுட்டாம்லே!" என்று தரை டிக்கெட்டில் இருந்து ஒரு குரல். அடுத்த நிமிஷம் கொட்டகை முழுவதும் எழுந்து, ஆபரேட்டர் அறையைப் பார்த்து நின்றுகொண்டது. வெள்ளைக்காரன் வெட்டிய பாட்டுக்கு ஆபரேட்டர் திட்டு வாங்கினார்.

மறுநாள் கொட்டகை மேனேஜர் என் ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டார். ஐம்பது வயது, நெற்றி நிறையத் திருநீறு, ஊரில் எல்லோருக்கும் அண்ணாச்சி.

"தம்பி, கஸ்டம்ஸ்காரனுக்கெல்லாம் எழுதிக் குடுக்கீரு. ஒரு பூனைக்கு எழுதமாட்டீரா?"

ஏற்பாடு இதுதான். படகில் நிற்கும் பூனையைக் கண்ணாடி சிலைடில் வரைந்து திரையில் நிறுத்திவைப்பது. வாசலில் டிக்கெட் கிழிக்கிறவருக்கு நல்ல குரல். அவர் மைக்கைப் பிடித்துத் தமிழில் என் பாட்டைப் பாடுவது. கூட்டம் உட்கார்ந்ததும் படத்தைப் போடுவது. நான் ஒரு வாரம் லீவு போடாத குறையாக உழைத்துப் பதினாறு வரி எழுதினேன்.

இங்கே என் கல்யாண விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்திருந்தோம். நூலகத்துப் புத்தகங்களையெல்லாம் படித்து முடித்துவிட்டு அடுத்தது என்ன என்று கேட்கிற பெண் என்றார்கள். நான் அன்று காப்பி தம்ளரை வாங்கும்போது நிலவைப் பற்றி ஏதோ சொன்னேன். அவள் என்னை நேராக ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். அந்தப் பார்வையை நினைத்துக்கொண்டு எனக்கு இரண்டு வாரம் தூக்கம் இல்லை. எனக்கு அவளைத்தான் கட்ட வேண்டும். ஆனால் அப்பா இல்லாத பெண். தாய்மாமா சொல்வதுதான் தீர்ப்பு. அவர் கையில் இன்னொரு வரனும் இருந்தது. அரிசி மில் வைத்திருப்பவன். மோட்டார் சைக்கிள் வேறு. எனக்கு என்ன இருந்தது? ஒரு மேசை, அதில் பாதி. ஆகவே எங்கள் தரகர் என் பாட்டை எடுத்துவிட்டார்: "மாப்பிள்ளை கவிஞரு. தூத்துக்குடி தேட்டர்ல அவர் பாட்டத்தான் பாடுதாவ."

தாய்மாமா சொல்லியனுப்பினாராம்: "குமாஸ்தா ஆயிரம் பேரு கெடக்கான். தேட்டர்ல பாட்டுப் பாடுதாவன்னா சங்கதி வேற. ஒரு ஞாயித்துக்கிழம வந்து என் காதால கேட்டுட்டுச் சொல்லுதேன்."

பாட்டு அரங்கேறிய ஞாயிற்றுக்கிழமை நான் பின்வரிசையில் நின்றேன். டிக்கெட் கிழிக்கிறவர் தொண்டையைச் செருமினார்.

அலைகடல் மீதினில் ஆதவன் எழவே
அன்னமாய்ப் படகுகள் அசைந்திடக் காணீர்

என்று தொடங்கி, முதல் எட்டு வரி முழுவதும் கடல்தான். நுரை, நிலவு, முத்து, சங்கு, எதையும் விடவில்லை. மக்கள் அமைதியாக இடம் தேடினார்கள். ஒன்பதாவது வரியில்தான் பூனை வருகிறது. அந்த வரியை நான் ஆபீஸ் மூடுகிற அவசரத்தில் எழுதினேன் என்பதால் அதில் மட்டும் செந்தமிழ் கொஞ்சம் சறுக்கியிருக்கும்.

ஞாயிற்றுக் கிழமை கடலுக்குப் போச்சாம் மீசைக்காரப் பூனை!

காட்சி ஞாயிற்றுக்கிழமை. ஆகவே பூனையையும் ஞாயிற்றுக்கிழமை அனுப்பினேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

இடம் தேடிக்கொண்டிருந்த தலைகள் எல்லாம் திரைப் பக்கம் திரும்பின. பிறகு யாரோ ஒரு பெண், "மாதாவே! ஞாயித்துக்கிழமயா!" என்றாள். அவ்வளவுதான், வெடித்தது. சிரிப்பு, விசில், பெஞ்சைத் தட்டும் சத்தம். மிச்சம் ஏழு வரி அதில் மூழ்கிப் போயிற்று. படம் ஓட ஆரம்பித்தது. மீன் துடுப்பால் பூனையின் மண்டையில் ஒன்று போட்டதும், கொட்டகை முழுவதும் ஒரே குரலில் கேட்டது:

"போவியாலே? ஞாயித்துக்கிழம போவியா?"

பூனை நங்கூரத்தில் தொங்கியது. "போவியாலே? போவியா?" படகு கவிழ்ந்தது. "இன்னும் போ! பூசைக்குப் போவாம கடலுக்கா போற?" ஒரு கைப்பிள்ளைகூட முஷ்டியை ஆட்டியதை நான் பார்த்தேன்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆதவனும் அன்னமும் மக்களின் உள்ளத்தை இப்படி உலுக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மேனேஜர் அறைக்குப் போனபோது அவர் சிரித்துச் சிரித்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாவி மனுசா, எப்படிவே தோணிச்சு அந்த வரி?"

"எந்த வரி அண்ணாச்சி? 'அன்னமாய்ப் படகுக'ளா?"

"அன்னமும் கின்னமும்! ஞாயித்துக்கிழம வரியச் சொல்லுதேன்."

"அதுல என்ன இருக்கு?" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன்வே, ரெண்டு வருசமா இந்த ஊர்ல இருக்கீரு. ஞாயித்துக்கிழம இவுக கடலுக்குப் போவ மாட்டாவன்னு தெரியாதா? வாரம் முழுக்கப் போவாவ, ஞாயித்துக்கிழம ஒரு வலை நனையாது. பூசைக்குப் போவாவ, நம்ம கொட்டகைக்கு வாராவ. அதனாலதான வே நான் இந்தக் காட்சியே போடுதேன்!"

தெரியாது. ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்குப் பத்து மணிவரை தூக்கம், பிறகு எண்ணெய்க் குளியல், அதன் பிறகு கொட்டகை. மீன் வாங்காதவனுக்கு மீன் எந்தக் கிழமை வரவில்லை என்று எப்படித் தெரியும்? ஊரில் குஞ்சு குளுவானுக்கும் தெரிந்த விஷயத்தில் தடுக்கி விழுந்து, நான் பாட்டில் பாவத்தைச் சேர்த்திருந்தேன். அந்த மக்களோ, இத்தனை வருஷமாக அந்தப் பூனை ஏன் அடிபடுகிறது என்பதற்கு இப்போதுதான் சரியான காரணம் கிடைத்ததாக நினைத்தார்கள்.

பாராட்டைப் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்தேன். அடுத்த ஞாயிறு போனால், பாட்டு ஐந்தாவது வரியில் தொடங்கியது. அதற்கடுத்த வாரம் எட்டாவது வரியில். நேராக மேனேஜர் அறைக்குள் நுழைந்தேன்.

"அண்ணாச்சி, என் பாட்டுல பாதியக் காணோம்."

"எங்கயும் போவல. அந்தா டிராயர்ல பத்திரமா இருக்கு."

"டிராயர்ல இருக்கவா எழுதினேன்?"

"கோவப்படாதீரும். குடைக்கடைக்காரரு ஒரு சிலைடு குடுத்திருக்காரு, நகைக்கடை சிலைடு ஒண்ணு. அதயும் போடணும்லா?"

"ஆதவன் உதிக்கத வெட்டிட்டுக் குடைக்கு விளம்பரமா?"

"வெயில் வந்தாத்தானவே குடை" என்றார். அவரோடு எல்லாம் இலக்கியம் பேசுவது எப்படி? பாட்டுக்கு ஒரு முகம் வேண்டும், உடம்பு வேண்டும், மெல்ல ஏறி உச்சிக்குப் போக வேண்டும் என்றெல்லாம் எடுத்துச் சொன்னேன். பழைய இங்கிலீஷ் பாட்டு எவ்வளவு நீளம், அதில் எத்தனை பேர் பாடினார்கள் என்று ஞாபகப்படுத்தினேன்.

"அந்த வெள்ளக்காரனே கடைசியில ஒரு ஊதலோட நிறுத்திட்டாம்லா" என்றார். "அல வருது, நொர வருது, நிலா வருதுன்னு எழுதியிருக்கீரு. அதெல்லாம் அவன் தெனமும் பாக்கது. பூன எப்ப வரும்னுதான் உக்காந்திருக்கான். சனம் கேக்கது அந்த ஒரு வரியத்தானவே."

நான்காவது வாரம் அந்த ஒரு வரிதான் இருந்தது. சிலைடு விழும்; டிக்கெட் கிழிக்கிறவர் "ஞாயிற்று…" என்று வாயைத் திறப்பார்; மீதியைக் கொட்டகை பார்த்துக்கொள்ளும். நான் சிந்தித்து, அகராதி புரட்டி, ஒவ்வொரு சீராக அடுக்கிய பதினைந்து வரிகள் டிராயரில். நான் யோசிக்காமல் தப்பாக எழுதிய ஒரே வரி கொடி கட்டிப் பறந்தது. உலகத்தில் இதைவிட ஒரு அநியாயம் இருந்தால் எனக்கு எழுதி அனுப்புங்கள். இதில் இன்னொரு கொடுமை, துறைமுகத்தில் நான் போகிற இடமெல்லாம் லாரிக்காரர்கள், "என்ன சார், ஞாயித்துக்கிழம கடலுக்குப் போறீங்களா?" என்று கேட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் தரகர் வந்து, வருகிற ஞாயிறு பெண்ணின் தாய்மாமா வருகிறார் என்றார்.

பதினாறு வரிக் கவிஞன் என்று சொல்லி வைத்திருக்கிறது. வந்து பார்த்தால் ஒரு வரி, அதுவும் கூட்டம் போடும் கூச்சல். மில்காரனுடைய மோட்டார் சைக்கிள் சத்தம் எனக்குத் தூத்துக்குடியிலேயே கேட்டது. மேனேஜரிடம் போய் முறையிட்டேன். ஒரு வாரம், ஒரே ஒரு வாரம், முழுப் பாட்டையும் பாட வேண்டும். பெண் விஷயம் என்றேன்.

அவர் இரக்கப்பட்டார். "சரி, கல்யாண காரியம். பாடச் சொல்லுதேன். ஆனா சனம் சும்மா இருக்கும்னு நான் சொல்லமாட்டேன்."

டிக்கெட் கிழிக்கிறவருக்கு மற்ற வரிகள் மறந்துபோயிருந்தன. வெட்கமில்லாமல் அதை என்னிடமே சொன்னார். சனிக்கிழமை சாயங்காலம் முழுவதும் சோடாக்கடை வாசலில் அவரை உட்கார வைத்து ஆதவனையும் அன்னத்தையும் மறுபடி ஊட்டினேன்.

தாய்மாமா பஸ்ஸில் வந்து இறங்கினார். நெடுநெடுவென்ற ஆள், கையில் குடை, சிரிப்பு என்பதே தெரியாத முகம். சேர் வகுப்பில் அவரை உட்காரவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சிலைடு விழுந்தது. நான் சொல்லிக்கொடுத்தபடியே நிதானமாகத் தொடங்கினார் பாடகர்.

அலைகடல் மீதினில் ஆதவன் எழவே…

தாய்மாமா தலையை லேசாக ஆட்டினார். எனக்கு உயிர் வந்தது. இரண்டாவது வரிக்குள் தரை டிக்கெட்டில் இருந்து ஒருவர் எழுந்தார்.

"அண்ணே, கடல நாங்க பாத்துட்டுத்தான் வாரோம். நேரா பூனைக்கு வாங்க."

சிரிப்பு. பாடகர் மூன்றாவது வரிக்குப் போனார்.

"ஏளா, இவரு என்னளா இன்னிக்கு இந்த இழு இழுக்காரு?" இது பெண்கள் பக்கத்திலிருந்து.

"பூனைய விடுலே!"

"தூண்டில்ல மாட்டுன மாரி நிக்கானே, விடுலே!"

பாடகர் இருட்டில் என் பக்கம் பார்த்தார். விடாதே, பாடு என்று நான் முஷ்டியை ஆட்டினேன். அவர் மேனேஜர் பக்கம் பார்த்தார். அங்கே என்ன ஜாடை கிடைத்ததோ, ஐந்தாவது வரியின் நடுவில், நிலவு பாதி உதித்திருக்கும்போது, அப்படியே ஒன்பதாவது வரிக்குத் தாவிவிட்டார். அவர் குரல் யாருக்கும் கேட்கவில்லை. கொட்டகையே பாடியது. பாடி முடித்து மறுபடியும் பாடியது. மூன்றாம் தடவை பாடும்போது தகரக் கூரை அதிர்ந்தது.

"என்ன தம்பி சத்தம்?" என்றார் தாய்மாமா.

"பாட்டுத்தான்."

"உங்க பாட்டா?"

"அதுல ஒரு வரி."

படம் ஓடியது. பூனைக்கு முதல் அடி விழுந்தது. "போவியாலே? போவியா?" தாய்மாமா திரும்பித் திரும்பிப் பார்த்தார். "ஏன் எல்லாரும் அந்தப் பூனைய ஏசுதாவ?"

பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினேன். இன்ன மாதிரி, இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை, எனக்கு அது தெரியாது, பூனையை நான் அனுப்பிவிட்டேன். அவர் மறுபடி திரைப் பக்கம் திரும்பினார். திரையில் பூனை நங்கூரத்தில் தலைகீழாகத் தொங்கியது. பக்கத்தில் ஒரு விநோதமான சத்தம் கேட்டது. தாய்மாமா சிரித்துக்கொண்டிருந்தார். குடை கீழே விழுந்தது; அதை எடுக்கக்கூட முடியாமல் சிரித்தார். படகு கவிழ்ந்தபோது, ஆற்றங்கரையிலிருந்து வந்த அந்த மனுஷர், கடலை வாழ்நாளில் நாலு தடவை பார்த்திருப்பாரோ என்னவோ, எழுந்து நின்று குடையை ஓங்கி, "போவியாலே?" என்றார்.

நான் விடுவதாக இல்லை. வெளியே வந்ததும் டீக்கடையில் உட்காரவைத்து, இரண்டு டீ சொல்லி, பதினாறு வரிகளையும் ஒன்றுவிடாமல் அவருக்கு ஒப்பித்தேன். அவர் டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தார். நான் முடிக்கும்போது தம்ளர் காலியாகி ரொம்ப நேரம் ஆகியிருந்தது.

"அந்தப் பூன வரிய மட்டும் இன்னொருக்கச் சொல்லும்" என்றார். "ஊருக்குப் போயி மருமவட்ட சொல்லணும். மறந்துரக்கூடாது."

"மாமா, அது தப்பான வரி. தெரியாம எழுதினது."

"தெரியாம எழுதினது நல்லாத்தானவே இருக்கு" என்றார் அவர் எழுந்துகொண்டே. "தெரிஞ்சு எழுதினதெல்லாந்தான் இழுக்குது."

அடுத்த வாரமே சம்மதம் என்று தகவல் வந்தது. ஊருக்குப் போனவர் வாசல்படி ஏறும்போதே அந்த வரியைப் பாடி, "போவியாலே" என்று குடையையும் ஓங்கிக் காட்டினாராம். பெண் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்களாம். மில்காரன் கதை அன்றோடு முடிந்தது. நிலவைப் பற்றிப் பேசுகிற ஆளென்று நினைத்து மனதுக்குள் என்னைத் தள்ளியே வைத்திருந்ததாகவும், அந்த ஒரு வரியைக் கேட்ட பிறகுதான் சரி என்று சொன்னதாகவும் கல்யாணம் ஆன பிறகு அவளே சொன்னாள். ஆக, பெண் கொடுத்தது எனக்கில்லை, என் அறியாமைக்கு. நான் பதினைந்து வரி பாடுபட்டது யாருக்காக?

மனம் கேட்கவில்லை. புதுக்குடித்தனம் வைத்த முதல் வாரத்தில் அவளை உட்காரவைத்து, முழுப் பாட்டையும் படித்துக் காட்டத் தொடங்கினேன். ஆதவன் எழுந்தான், அன்னங்கள் அசைந்தன. நுரை வரும்வரை பொறுத்திருந்தாள். ஏழாவது வரியில் அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லி எழுந்து உள்ளே போனாள். அன்று எங்கள் வீட்டில் பாலே வாங்கவில்லை.

அன்றுமுதல் நான் எழுதுவது எதுவானாலும் அவள் கண்ணில் பட்டுத்தான் வெளியே போகிறது. மேனேஜர் அண்ணாச்சிக்காவது ஒரு டிராயர் இருந்தது. இவள் அடுப்பு மூட்டிவிடுகிறாள். இந்தக் கட்டுரையில்கூடத் தூத்துக்குடிக் கடற்கரையைப் பற்றி நான் மூன்று பக்கம் எழுதியிருந்தேன். அருமையான மூன்று பக்கம். அதில் ஒரு வார்த்தையையாவது மேலே எங்கேனும் பார்த்தீர்களா?